சென்ட் கூடுகிறது, தொலைவும் கூடுமா? திருப்பதி மாவட்ட வீட்டுமனைத் திட்டமும் மக்கள் எழுப்பும் கேள்விகளும்

திருப்பதி: ஆந்திரத்தில் வீடற்ற ஏழைக் குடும்பங்களுக்கு ஊரகப் பகுதிகளில் 3 சென்ட், நகர்ப்புறங்களில் 2 சென்ட் வீட்டுமனை வழங்க மாநில அரசு 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. முந்தைய ஆட்சியில் வழங்கப்பட்ட அளவைப் போல இது இரு மடங்கு. மனை மிகச் சிறியது என்ற நெடுநாள் குறைபாட்டுக்கு இந்த அறிவிப்பு பதில் சொல்கிறது. ஆனால், அதே அறிவிப்பு வேறொரு கேள்வியைக் கூர்மையாக்கியிருக்கிறது: இவ்வளவு நிலம் எங்கே இருக்கிறது?

திருப்பதி மாவட்டத்தில் இந்தக் கேள்வி நகரத்தைச் சுற்றியுள்ள மண்டலங்களை நோக்கியே திரும்புகிறது. அவற்றில் ஒன்று வடமாலபேட்டை.

நெடுஞ்சாலையோர மண்டலம்

சென்னையிலிருந்து திருத்தணி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் தமிழக பக்தர்களுக்கு வடமாலபேட்டை அறிமுகமான பெயர். ரேணிகுண்டாவுக்கும் புத்தூருக்கும் இடையே, 716-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள இம்மண்டலத்தில்தான் எஸ்.வி.புரம் சுங்கச்சாவடி உள்ளது. ரேணிகுண்டா - அரக்கோணம் ரயில் பாதையும் இப்பகுதி வழியாகவே செல்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை வட்டாரம் இது.

நிர்வாக அமைப்பிலும் இம்மண்டலத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த வடமாலபேட்டை, 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால், சட்டப்பேரவையைப் பொறுத்தவரை அது நகரி தொகுதியில் தொடர்கிறது. நகரி நகரமோ சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. மனை தொடர்பான மனுவை ஒருவர் திருப்பதி ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். அதற்காகப் பேச வேண்டிய சட்டப்பேரவை உறுப்பினரின் தொகுதித் தலைமையிடம் அண்டை மாவட்டத்தில் இருக்கிறது.

திருப்பதி நகரம் விரிவடைய இடம் குறைவு. வடக்கே சேஷாசல மலையும் காப்புக்காடும் நிற்கின்றன. மற்ற திசைகளில் ஏரிகள், கோயில் நிலங்கள், ரேணிகுண்டா விமான நிலையம், ஏற்கெனவே விலை உயர்ந்துவிட்ட தனியார் மனைகள் என நிலம் பங்கிடப்பட்டுவிட்டது. ஆகவே, பெரிய அளவில் மனைப்பிரிவு அமைக்க விரும்பும் எந்த அமைப்பும் நெடுஞ்சாலையோரக் கிராமங்களை நாட வேண்டியிருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானமும் தன் ஊழியர்களுக்கான மனைகளுக்கு வடமாலபேட்டை மண்டலத்தின் பாதிரேடு அரண்யம் பகுதியையே தேர்ந்தெடுத்தது. பூமன கருணாகர் ரெட்டி அறங்காவலர் குழுத் தலைவராக இருந்தபோது, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பணிகள் வேகம் பெற்றன.

ஊழியர்கள் விலை செலுத்திப் பெறும் மனைகளும் ஏழைகளுக்கான இலவச மனைகளும் வெவ்வேறு திட்டங்கள். ஆனால் இரண்டும் தேடுவது ஒரே வகை நிலத்தை: நெடுஞ்சாலைக்கு அருகே, பெரும் பரப்பில், அரசின் கையில் உள்ள நிலம். ஊழியர் குடியிருப்பு வரும் இடத்தில் சுற்றுவட்டார நில மதிப்பு உயர்வது இயல்பு. அது உயர்ந்தபின் ஏழைகளுக்கான மனை மேலும் உள்ளே தள்ளப்படுமோ என்பதே கவலைக்குரிய செய்தி.

2020-இல் தொடங்கிய திட்டம்

இன்றைய எதிர்வினைகளைப் புரிந்துகொள்ள முந்தைய திட்டத்தின் அனுபவத்தை நினைவுகூர வேண்டும். ஒய்.எஸ்.ஜெகன்மோகன் ரெட்டி அரசு, ‘ஏழைகள் அனைவருக்கும் வீடு’ திட்டத்தை 2020 டிசம்பர் 25-ஆம் தேதி கிழக்கு கோதாவரி மாவட்டம் கொமரகிரியில் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 30 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் பட்டா வழங்குவது அதன் இலக்கு. அடுத்த சில நாள்களில், அன்றைய சித்தூர் மாவட்டத்தின் ஸ்ரீகாளஹஸ்தி அருகே உள்ள ஊரந்தூரில், 6,000-க்கும் மேற்பட்ட மனைகள் கொண்ட மனைப்பிரிவில் முதல்வரே பட்டாக்களை வழங்கினார்.

நகர்ப்புறத்தில் 1 சென்ட், ஊரகத்தில் ஒன்றரை சென்ட் என்பது அப்போதைய அளவு. 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதில் 340 சதுர அடியில் வீடு கட்ட வேண்டும். ஒரு வீட்டுக்கான நிதி 1.80 லட்சம் ரூபாய். இதில் 1.50 லட்சம் பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் சார்ந்தது. 30,000 ரூபாய் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வழியே வந்தது. இதற்கு மேல் இலவச மணல், குறைந்த விலையில் சிமென்ட் மற்றும் இரும்புக் கம்பி, 35,000 ரூபாய் வரை குறைந்த வட்டிக் கடன் ஆகியவை அறிவிக்கப்பட்டன.

வாடகை வீட்டிலேயே தலைமுறைகளைக் கழித்த குடும்பங்களுக்குச் சொந்தப் பெயரில் ஒரு பட்டா என்பது சிறிய செய்தி அன்று. வங்கிக் கடனுக்கும் குடும்பத்தில் பெண்ணின் நிலைக்கும் அது வலுவூட்டியது. திட்டத்துக்குக் கிடைத்த வரவேற்பு உண்மையானது. அதே அளவுக்கு உண்மையானவை, கட்டுமானம் தொடங்கியபின் எழுந்த எதிர்ப்புகள்.

மூன்று வகை எதிர்ப்புகள்

முதலாவது, மனையின் அளவு. ஒரு சென்ட் மனையில் வீடு கட்டினால் காற்றோட்டத்துக்கோ, கால்நடைக்கோ, பின்னாளில் ஓர் அறை சேர்க்கவோ இடமில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. தெனாலியைச் சேர்ந்த மனுதாரர்கள் பெயரில் தொடரப்பட்ட வழக்கில், 2021 அக்டோபர் 8-ஆம் தேதி ஆந்திர உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, இந்த அளவு போதுமானதல்ல என்று கூறிக் கட்டுமானங்களை நிறுத்தி வைத்தார். பெண்களுக்கு மட்டுமே பட்டா என்ற விதியையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார். அத்தீர்ப்பை அதே ஆண்டு நவம்பர் இறுதியில் இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தது. திட்டம் தொடர்ந்தது, அளவு பற்றிய கேள்வி அரசியல் களத்துக்கு நகர்ந்தது.

இரண்டாவது, இடம். ராஜமகேந்திரவரம் அருகே மழைக்காலத்தில் நீர் தேங்கும் ‘ஆவ’ நிலங்கள் மனைகளுக்காக வாங்கப்பட்டது பெரும் சர்ச்சையாகி நீதிமன்றம் சென்றது. திருப்பதி வட்டாரத்துக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரத் தெருக்கள் மூழ்கின, சுவர்ணமுகி கரைபுரண்டது, ராயலசெருவு ஏரிக் கரையில் கசிவு ஏற்பட்டு, கீழே உள்ள கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த அனுபவத்துக்குப் பின், ஏரிக்கும் ஓடைக்கும் அருகே மனை என்றால் மழை வந்தால் என்ன ஆகும் என்பதையே மக்கள் முதலில் கேட்கிறார்கள்.

மூன்றாவது, நிலத்தை இழப்போரின் எதிர்ப்பு. இதுவே அதிகம் பேசப்படாத பகுதி. அரசு நிலம் என்று பதிவேட்டில் உள்ள இடம் பெரும்பாலும் வெற்றிடமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் அது ஆடு மாடுகளின் மேய்ச்சல் நிலம். மற்றோரிடத்தில் முன்பு நிலமற்றோருக்கு ஒப்படைக்கப்பட்டு, பட்டியலின, பிற்படுத்தப்பட்ட குடும்பங்கள் பயிரிடும் நிலம். இத்தகைய ஒப்படைப்பு நிலங்களைப் பிறர் வாங்குவதைத் தடுக்க 1977-ஆம் ஆண்டிலேயே ஆந்திரத்தில் சட்டம் இயற்றப்பட்டது. தனியாரிடமிருந்து காக்கப்பட்ட அந்த நிலத்தை அரசே பொதுத் தேவைக்குத் திரும்பப் பெறும்போது, ஓர் ஏழையின் வயல் மற்றோர் ஏழையின் மனையாகிறது. விசாகப்பட்டினத்தில் 2020-இல் 6,000 ஏக்கருக்கு மேல் நிலத் தொகுப்பு அறிவிக்கப்பட்டபோது எழுந்த வழக்குகளின் மையமும் இதுதான். அங்கு பட்டா வழங்கவே 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய வழக்குகளில் சிக்கும் பயனாளிகளின் நிலை இன்னும் கடினம். அமராவதி தலைநகரப் பகுதியின் ‘ஆர்-5’ மண்டலத்தில் சுமார் 50,000 குடும்பங்களுக்கு 2023 மே மாதம் பட்டா வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி அங்கு கட்டுமானத்துக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தது. கையில் பட்டா இருந்தும் வீடு கட்ட முடியாத குடும்பங்கள் அங்கு உருவாயின.

புதிய விதிகள் என்ன சொல்கின்றன?

2024 தேர்தலில் தெலுங்கு தேசம் கூட்டணி, மனை அளவை உயர்த்துவதாக வாக்குறுதி அளித்தது. ஆட்சிக்கு வந்தபின் என்.சந்திரபாபு நாயுடு அரசு வெளியிட்ட விதிகளின்படி, பட்டா பெற்றவர் 2 ஆண்டுகளுக்குள் வீடு கட்ட வேண்டும். 10 ஆண்டுகளுக்குப் பின்னரே முழு உரிமை கிடைக்கும். முன்பு வழக்கில் சிக்கிய நிலங்களில் மனை பெற்றோருக்கு மாற்று இடம் வழங்கவும் வழி செய்யப்பட்டது.

கட்டுமானச் செலவு பற்றிய குறைக்கும் ஓரளவு தீர்வு வந்தது. பாதியில் நின்ற வீடுகளை முடிக்க, பட்டியலின மற்றும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 50,000 ரூபாயும் பழங்குடியினருக்கு 75,000 ரூபாயும் கூடுதலாக வழங்க 2025 மார்ச்சில் ஆணையிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, அன்னமய்யா மாவட்டம் தேவகுடிபல்லியில் நடந்த நிகழ்ச்சியில் மாநிலமெங்கும் 3 லட்சம் வீடுகளின் புதுமனைப் புகுவிழாவை முதல்வர் தொடங்கிவைத்தார். அவ்வீடுகள் எந்த ஆட்சியின் சாதனை என்று இரு கட்சிகளும் உரிமை கோரின. குடியேறியவர்களுக்கு அந்த விவாதத்தைவிடக் குடிநீர்க் குழாயும் பேருந்து நிறுத்தமுமே முதன்மையானவை.

அளவும் தொலைவும்

இங்குதான் புதிய திட்டத்தின் சிக்கல் தொடங்குகிறது. ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். 100 ஏக்கரில் சாலை, கால்வாய், பொது இடங்களுக்கு மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டால், ஒன்றரை சென்ட் வீதம் ஏறத்தாழ 4,400 மனைகள் பிரிக்கலாம். 3 சென்ட் வீதம் பிரித்தால் கிடைப்பவை 2,200 மட்டுமே. அதே எண்ணிக்கையிலான குடும்பங்களுக்கு இரு மடங்கு நிலம் தேவை.

நகரத்துக்கு அருகில் அவ்வளவு நிலம் கிடைக்காவிட்டால் அரசுக்கு மூன்று வழிகளே உள்ளன: அதிக விலைக்குத் தனியார் நிலத்தை வாங்குவது, பயனாளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, அல்லது மேலும் தொலைவுக்குச் செல்வது. நிதி நெருக்கடியில் உள்ள மாநிலத்துக்கு முதல் வழி கடினம். தேர்தல் வாக்குறுதி இரண்டாவது வழியை அடைக்கிறது. எஞ்சுவது மூன்றாவது வழி. எளிதாகத் தெரிவதாலேயே ஆபத்தானதும் அதுதான்.

திருப்பதியின் ஏழைகளில் பெரும்பகுதியினர் யாத்திரிகர்களை நம்பி வாழ்பவர்கள். பூ விற்போர், விடுதிப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரின் வேலை விடியலுக்கு முன் தொடங்கி இரவு வரை நீள்கிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் மனை கிடைத்தால், பேருந்து இல்லாத நேரத்தில் அவர்கள் வேலைக்குச் செல்வது எப்படி? 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. இது செலவைக் குறைக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மனைப்பிரிவு வரை பேருந்து வந்தால்தான் அச்சலுகைக்குப் பொருள் உண்டு.

வடமாலபேட்டையின் உள்ளூர் மக்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அவர்களில் விவசாயக் கூலிகளுக்கு ஊரிலேயே 3 சென்ட் மனை என்பது பெரும் பேறு. ஆனால், நகரத்தின் வீடற்றோருக்கும் நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் தங்கள் ஊரின் பொது நிலம் முதலில் ஒதுக்கப்பட்டால், சொந்த ஊரின் அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானது. புதிய குடியிருப்புகளுக்கு வேண்டிய நிலத்தடி நீரும் அதே ஊரின் கிணறுகளோடுதான் போட்டியிடும்.

சென்னை தரும் பாடம்

தொலைவு தரும் விளைவைத் தமிழ்நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. சென்னையின் கூவம், அடையாறு கரையோர மக்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டபோது அவர்களுக்கு உறுதியான வீடு கிடைத்தது. ஆனால் வீட்டுவேலைக்கும் சந்தைக்கும் நகருக்குள் சென்றுவந்த பெண்கள் பலர் வேலையை இழந்தனர்; பிள்ளைகளின் படிப்பு இடையில் நின்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து வசதிகள் மக்கள் குடியேறிய பின்னரே ஒவ்வொன்றாக வந்தன.

மாறாக, 2024-இல் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், குடிசையில் வாழும் ஊரக மக்கள் இருக்கும் இடத்திலேயே 360 சதுர அடியில் 3.50 லட்சம் ரூபாய்ச் செலவில் வீடு கட்ட உதவுகிறது. சொந்த இடம் இல்லாதவருக்கு அத்திட்டம் முழு விடையாகாது. எனினும், குடும்பத்தை அதன் தொழிலிலிருந்து பிரிக்காமல் வீடு தர முடியும் என்பதை அது காட்டுகிறது.

அடுத்து கவனிக்க வேண்டியவை

மனைப்பிரிவு எங்கே அமைகிறது என்பதை மக்கள் அறிவது பெரும்பாலும் எல்லைக்கல் நடப்பட்ட பின்னரே. கிராமச் செயலகத்தில் பயனாளிகளின் பட்டியல் ஒட்டப்படுகிறது, ஆட்சேபணை கேட்கப்படுகிறது, திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்கள் பெறப்படுகின்றன. ஆனால் இந்த நடைமுறைகளில் யாருக்கு மனை என்பதே பெரிதும் பேசப்படுகிறது. எந்த நிலம் என்பது அரிதாகவே முன்கூட்டி விவாதிக்கப்படுகிறது. இடம் முடிவான பின் எதிர்ப்போருக்கு நீதிமன்றம் ஒன்றே வழியாகிறது. அவ்வழக்கு முடியும் வரை காத்திருப்பவர் பட்டா பெற்ற ஏழைதான்.

ஆகவே, நிலத்தின் வரைபடம், அதில் இப்போது பயிரிடுவோர் விவரம், மழைநீர் வழித்தடம், அருகில் உள்ள பள்ளி மற்றும் பேருந்து நிறுத்தத்தின் தொலைவு ஆகியவை பயனாளிகள் பட்டியலுக்கு முன்பே கிராம சபையில் வைக்கப்படுமா என்பதே திருப்பதி மாவட்டம் எதிர்கொள்ளும் முதல் சோதனை. நகரில் வேலை செய்யும் ஏழைகளுக்கு மூன்று தளக் குடியிருப்புகளை நகருக்குள்ளேயே கட்டுவது, ஊரகத்தில் உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை தந்து 3 சென்ட் மனை வழங்குவது என இரண்டையும் பிரித்துத் திட்டமிட இடமிருக்கிறது. கணக்கில் காட்டப்படும் பட்டாக்களின் எண்ணிக்கையைவிட, 5 ஆண்டுகளுக்குப் பின் அவ்வீடுகளில் எத்தனை குடும்பங்கள் தங்கியிருக்கின்றன என்பதே திட்டத்தின் வெற்றியைத் தீர்மானிக்கும்.