விளக்குக் கம்பம் எங்கே முடிகிறது?

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு நோட்டீஸ் கொடுக்கிறார்கள். ‘இரவில் வெள்ளை உடை அணிந்து நடங்கள்’ என்கிறது அது. சேரன்மகாதேவி ரோட்டில் எனக்கும் ஒன்று நீட்டினார்கள். விடியுமுன்னே பிசான நடவுக்குப் போற பொம்பள எந்தச் சேலை கட்டணும்னு சொல்ல வந்துட்டாங்க! சேத்துல நிக்கிறதுக்கு வெள்ளைச் சேலையா?

கணக்கைப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகும். ஆளைக் கண்டு, பிரேக் போட்டு நிற்கச் சுமார் 70 மீட்டர் வேண்டும். டிம் லைட்டில் கறுப்பு உடுத்தியவர் பல சமயம் 30 மீட்டருக்குள் வந்த பிறகே கண்ணில் படுகிறார். எதிரே ஒருத்தன் பிரைட் அடிச்சா அதுவும் போச்சு. நடக்கிறவருக்கோ லைட் தூரத்திலேயே தெரிகிறது. ‘நம்மளப் பாத்திருப்பான்’னு நம்பிருதாங்க. கடைசியில் எஃப்.ஐ.ஆரில் ‘திடீரெனக் குறுக்கே வந்ததால்’ என்று ஒரு வரி.

ஒளிரும் பட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால் அசைவை வைத்தே மனிதர் என்று டிரைவர் சீக்கிரம் கண்டுகொள்கிறார் என ஆஸ்திரேலியாவில் ஜோன் வுட் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. சரி, யார் வாங்கித் தருவது? அந்தக் காலத்தில் டைனமோ எரியலேன்னா போலீஸ்காரன் வால்வைப் பிடுங்கி விடுவான். நான் பார்த்த அரசு இலவச சைக்கிள் எதிலும் டைனமோவே இல்லை.

விஷயம் சட்டையில் இல்லை, கம்பத்தில் இருக்கிறது. 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு, ‘குடியிருப்புப் பகுதியில்’ உள்ள பொதுச் சாலைக்கு விளக்குப் போடுவது ஊராட்சியின் கடமை என்கிறது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கும் வயக்காடு குடியிருப்பா? இல்லையாம். நம்மைத் தள்ளி வைத்தவன் விட்ட அந்த இடைவெளிதான் இன்று இருட்டு. பஸ் ஸ்டாப்புக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதைத் தாண்டித்தான் போகணும். நாலுவழிச் சாலையில் நடுத்திட்டு விளக்கு வண்டி ஓடும் தாருக்குத்தான். ஓரத்து மண்ணில் நடக்கிறவனுக்கு மிச்சம் மீதிதான்.

2022இல் நாடு முழுக்கச் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். நடந்து போனவர்கள் மட்டும் 32,825. அறிக்கையில் வயது உண்டு, ஆண் பெண் உண்டு, வாகனம் உண்டு. சாதி இல்லை.

தோழர்களே, இது நம்ம பிரச்சினை இல்லை என்று சொல்லாதீர்கள். அடுத்த கிராம சபையில், சேரியிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் எத்தனை கம்பம் என்று எண்ணிக் கேளுங்கள். ரோட்டைக் கடக்கிற இடத்தில், வண்டி வரும் பக்கம் சற்று முன்னாலேயே கம்பம் நடச் சொல்லுங்கள். அப்போதுதான் வெளிச்சம் டிரைவர் பார்க்கும் பக்கத்தில் விழும், பின்னால் நட்டால் வெறும் நிழல்தான் தெரியும். ‘நிதி இல்லை’ என்பார்கள். அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிட்டு வாங்க.