ரோட்டில் ஊற்றுவது என்ன? பீப்பாயைத் திறந்து காட்டு!



மண்ரோட்டில் ஒரு லாரி போனால் போதும். களத்தில் காயும் நெல்மேல் புழுதி, குடிதண்ணீர்க் குடத்தில் புழுதி, திண்ணையில் படுத்திருக்கும் கிழவருக்கு இருமல். அமெரிக்கக் கிராமங்களிலும் இதே பாடுதான். தார் போடக் காசில்லாத உள்ளாட்சிகள் அங்கே மண்ரோட்டுக்கு ரசாயனம் தெளிக்கின்றன. கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு என்கிற உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மண்ணை இறுக்கிப் பிடிக்கும், சரளை பெயராது, பராமரிப்புச் செலவு மிச்சம். இது பொய்யில்லை. ஆனால் அந்த உப்பு மழையில் கரைந்து எங்கே போகும்? கொலராடோவில் ரோட்டோர மரங்கள் கருகிப்போனதை ஆய்வாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

உப்பாவது கண்ணுக்குத் தெரிந்த சரக்கு. மிசோரி மாநிலத்து டைம்ஸ் பீச் ஊரில் நடந்ததைக் கேளுங்கள்!

கழிவு எண்ணெய் ஏற்றும் ஒரு கான்ட்ராக்டர். வெரோனா ஊர் ரசாயன ஆலையின் கழிவை அள்ளிப்போக ஒரு பக்கம் காசு. அதையே பழைய எண்ணெயில் கலந்து புழுதிக்குத் தெளிக்க இன்னொரு பக்கம் காசு! 1971-ல் ஒரு குதிரைத் திடலில் தெளித்தான். குருவிகள் செத்து விழுந்தன, குதிரைகள் வரிசையாய்ச் செத்தன. அப்போதே விழித்திருக்க வேண்டாமா? மறுவருஷமே அவனைக் கூப்பிட்டு டைம்ஸ் பீச் தெருவெல்லாம் ஊற்றச் சொன்னார்கள். சல்லிசு விலை, அதுதான் காரணம். பத்து வருஷம் பிள்ளைகள் அதன்மேல்தான் விளையாடின. 1982 டிசம்பரில்தான் அது டையாக்சின் விஷம் என்று ஊருக்குத் தெரிந்தது. 1983-ல் அரசாங்கம் ஊரையே விலைக்கு வாங்கி 2,000-க்கும் மேற்பட்ட ஜனங்களை வெளியேற்றியது. ஊர் இருந்த இடத்தில் இன்றைக்குப் பூங்கா!

பழங்கதை என்பீர்களா? பென்சில்வேனியாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் உப்புத் தண்ணீரை மண்ரோட்டில் ஊற்றிவந்தார்கள். அதில் ரேடியம் என்கிற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. ஒருவர் வழக்குப் போட்ட பிறகுதான் 2018-ல் நிறுத்தினார்கள். கம்பெனிக்குக் கழிவு கழிந்தது, உள்ளாட்சிக்குக் காசு மிச்சம். நஷ்டம் யாருக்கு? ரோட்டோரம் கிணறு வைத்திருப்பவனுக்கு!

நாளைக்கு நம்ம ஊர் மண்ரோட்டுக்கும் ஓசியிலே டேங்கர் வரலாம். வந்தால் மறியுங்கள்! சரக்கு எந்த ஆலையிலிருந்து வருகிறது, அதில் என்னென்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். சோதனைச் சான்று இல்லாமல் ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது என்று ஆகஸ்டு 15 கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். தலைவர் தட்டிக்கழித்தால் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை யாரும் எழுந்திருக்காதீர்கள்!