ஏரிக்கரையைக் காத்த வியாபாரி

அமெரிக்காவில் உள்ள பெரிய நகரங்களில் ஒன்று சிகாகோ. 1893-ல் விவேகானந்தர் சொற்பொழிவு ஆற்றி உலகப் புகழ் பெற்றது இங்கேதான்.

நகரத்தின் கிழக்கே மிச்சிகன் ஏரி இருக்கிறது. பெயர்தான் ஏரி. பார்த்தால் கடல்! அக்கரை கண்ணுக்குத் தெரியாது.

கரை ஓரமாக 29 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை போகிறது. நடப்பவர்களுக்கு ஒரு வழி. சைக்கிளில் போகிறவர்களுக்குத் தனி வழி. கோடை வந்தால் மணற்கரையில் கூட்டம் அலைமோதும். பிள்ளைகள் நீந்துவார்கள். பாய்மரப் படகுகள் மிதக்கும். பூங்காவில் 1927 முதல் பெரிய நீரூற்று ஒன்று பொங்கி விழுகிறது.

பொன் விளையும் நிலம்! இதை ஏன் யாரும் வளைத்துப் போடவில்லை?

வரைபடத்தில் ஒரு வரி

1836-ல் அங்கே மனைகள் பிரித்து விற்கப்பட்டன. அப்போது வரைபடத்தில், ஏரியோர நிலம் பொதுச்சொத்து என்றும், என்றைக்கும் கட்டடம் இல்லாமல் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்றும் குறித்து வைத்தார்கள்.

ஆனால் அந்த வரியை மதித்தவர்கள் குறைவு. 1871-ல் நகரம் தீப்பற்றி எரிந்தது. இடிபாடுகளை ஏரியில் கொட்டினார்கள். புது நிலம் உண்டானது. அதில் குப்பையும் கொட்டகைகளும் சேர்ந்தன. பெரிய கட்டடங்கள் கட்டவும் திட்டம் போட்டார்கள்.

20 ஆண்டு வழக்கு

மாண்ட்கோமரி வார்டு என்பவர் தபால் மூலம் சாமான் விற்ற வியாபாரி. அவருடைய கட்டடம் அந்த நிலத்துக்கு எதிரே இருந்தது. 1890-ல் அவர் கோர்ட்டுக்குப் போனார். ஊர் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார் என்று பலர் ஏசினார்கள். அவர் அசையவில்லை. 1911 வரை போராடி வென்றார். எதிரே நிலம் வைத்திருந்தவர்கள் சம்மதித்ததால் ஒரு கலைக்கூடம் மட்டும் எழுந்தது. விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான்!

மீண்டும் சோதனை

2014-ல் சினிமா டைரக்டர் ஜார்ஜ் லூகாஸ் ஏரிக்கரையில் அருங்காட்சியகம் கட்ட முன்வந்தார். வேலை கிடைக்கும், வெளியூர்க்காரர்கள் வருவார்கள் என்றனர் ஆதரித்தவர்கள். பொது நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று பூங்கா ஆர்வலர்கள் வழக்குப் போட்டார்கள். 2016-ல் லூகாஸ் திட்டத்தைக் கைவிட்டு, வேறு நகரத்துக்குப் போனார்.

நகரத்துக்கு இது நஷ்டமா, லாபமா? இரண்டும் உண்டு. அருங்காட்சியகத்தை வேறு இடத்திலும் கட்டலாம். ஏரிக்கரையை வேறு இடத்தில் உண்டாக்க முடியாது.

காகிதத்தில் எழுதிய ஒரு வரி மட்டும் கரையைக் காப்பாற்றவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுப் படி ஏறியவர்கள் காப்பாற்றினார்கள்.