குமார்டுலியில் சீட்டு வாங்குங்கள்

துர்க்கா பூஜைக்கு முன்னால் மகாளயம் நெருங்கினால் போதும், சென்னை, கோவை, பெங்களூரு என்று எங்கெங்கிருந்தோ கேமராவும் கையுமாக ஆட்கள் கொல்கத்தாவில் வந்து இறங்குவார்கள். வந்த மறுநாளே என்னிடம் ஒரு புகார் வரும்: "என்ன சார் இது, குமார்டுலியில படம் எடுக்கக் காசு கேக்கறாங்க!"

உண்மைதான், கேட்கிறார்கள். துர்க்கை சிலை செய்யும் அந்தத் தெருக்களில் கைவினைஞர்களின் சங்கம் ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு சீட்டு கொடுக்கிறது. ஹவுராவில் இறங்கி டாக்ஸி பிடிக்க ஆகும் செலவைவிடக் குறைவான தொகை அது. புகார் சொல்பவரின் கழுத்தில் தொங்கும் லென்ஸை விற்றால் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம். ஆனாலும் முகம் சுளிக்கிறார். இந்த வழக்கில் நான் சங்கத்தின் கட்சி. என்னைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் கூட்டி வாங்கலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்கலாம். டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்த அந்தக் காலத்துத் தமிழர்களில் என் அப்பா ஒருவர். லேக் மார்க்கெட் பக்கம் குடித்தனம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். ஃபிலிம் இருந்த காலத்தில் ஒரு லேபின் இருட்டறையில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். ஃபிலிம் போயிற்று, லேபும் போயிற்று. பிறகு வெளியூர், வெளிநாட்டு ஃபோட்டோகிராஃபர்களைக் கூட்டிக்கொண்டு சந்து சந்தாகச் சுற்றுவதே பிழைப்பாகிவிட்டது. இந்த வேலைக்கு 'ஃபிக்ஸர்' என்று பெயர். அவர்கள் படம் எடுப்பார்கள், நான் பின்னாலேயே போய் அந்த வீட்டுக்காரரைச் சமாதானம் செய்வேன்.

ஊர் ஊராகப் போய்ப் படமெடுப்பவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு குணங்களைச் சொல்லிப் புகழ்வார்கள். ஒன்று பொறுமை, இன்னொன்று துணிச்சல். பனியில் காத்திருந்தார், மலையில் ஏறினார், விடியற்காலை வெளிச்சத்துக்காக மூன்று மணிக்கே எழுந்தார் என்பார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் படத்துக்காக வேறு யாரெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை.

எஸ்ப்ளனேடில் எஸ்.என். பானர்ஜி ரோட்டில் ஒரு பழைய கட்டடம் உண்டு. 'போர்ன் அண்ட் ஷெப்பர்ட்' ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. அந்தப் பெயரில் இருக்கும் சாமுவேல் போர்ன் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் வங்கி குமாஸ்தாவாக இருந்தவர். 1863-இல் கல்கத்தாவில் வந்து இறங்கி, அங்கிருந்து சிம்லா போய், அடுத்த சில ஆண்டுகளில் மூன்று முறை இமயமலைக்குள் பெரும் பயணம் செய்தார். அன்றைக்குப் படம் எடுப்பது எப்படி என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினைச் சீராக ஊற்ற வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் மாட்டிப் படம் எடுத்து, ஈரத்தோடேயே இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவிவிட வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். காய்ந்தால் தகடு வீண். இதைக் கைவிரல் விறைக்கும் குளிரில், தண்ணீரே உறைந்துபோகும் இடத்தில் செய்திருக்கிறார். 1866-இல் மணிரங் கணவாயில், ஏறத்தாழ 18,600 அடி உயரத்தில், படம் எடுத்தார். அவ்வளவு உயரத்தில் படமெடுத்தவர் அதற்குப் பிறகும் வெகுகாலம் யாரும் இல்லை. இருட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் படங்களின் துல்லியத்தைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

சரி, அந்தக் கண்ணாடிப் பெட்டிகளையும் ரசாயனப் புட்டிகளையும் கூடாரத்தையும் பிராந்தியையும் அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியது யார்? 1864-இல் காஷ்மீருக்குப் போனபோது நாற்பதுக்கும் மேற்பட்ட சுமைகூலிகள் உடன் போனார்கள். தம் பயணங்களைப் பற்றி லண்டன் புகைப்படப் பத்திரிகைக்குப் போர்ன் விரிவாக எழுதினார். கூலிகள் சுமையைப் போட்டுவிட்டு ஓடிப்போனதையும், தாம் தடியெடுத்து அடித்ததையும் அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். கோடையில் வயலை விட்டுவிட்டு, கிராமத் தலைவன் பிடித்துக் கொடுத்ததால் வந்தவன் பனியில் வெறுங்காலோடு நிற்கிறான். துரை மேகம் விலகட்டும் என்று காத்திருக்கிறார். இரண்டும் காத்திருப்புதான். ஒன்றுக்கு மட்டும் பெயர் கிடைத்தது. 1991-இல் நடந்த தீ விபத்தில் அந்த ஸ்டூடியோவில் இருந்த பழைய நெகட்டிவ்கள் பெருமளவு எரிந்துபோயின. 2016-இல் கடையையே மூடிவிட்டார்கள்.

இன்றைக்குச் சுமைகூலி தேவையில்லை, கண்ணாடித் தகடு இல்லை, எடுத்த நொடியே படம் திரையில் தெரிகிறது. வெளிச்சம் குறைவா, ஒரு சக்கரத்தைத் திருப்பினால் தீர்ந்தது. ஆகவே ஃபோட்டோகிராஃபரின் பொறுமைக்கு இனி வேலை இருப்பது மனிதர்களிடம் மட்டும்தான். அங்கேதான் அது பற்றாக்குறையாக இருக்கிறது.

குமார்டுலியில் வேலை நடப்பதைச் சொல்கிறேன். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு செய்வார்கள். அதன்மேல் ஆற்று மண்ணைப் பூசிக் காயவிடுவார்கள். காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பின்மேல் மண் கரைசலில் நனைத்த துணித்துண்டை ஒட்டி, மறுபடி பூசி, மறுபடி காயவிட வேண்டும். இதெல்லாம் நடப்பது சரியான மழைக்காலத்தில். தார்ப்பாய்க் கூரைக்கு அடியில் ஒரு பக்கம் மின்விசிறி, ஒரு பக்கம் ஊதுவிளக்கு வைத்துக் கையைத் தனி, முகத்தைத் தனியாகக் காய வைப்பார்கள். கூடம் எட்டடி அகலம் இருந்தால் அதிகம். நான்கு பேர் வாசலில் வந்து நின்றால் உள்ளே இருப்பவருக்கு வெளிச்சம் போய்விடும். வந்தவர்கள் வெளிச்சத்துக்காகக் காத்திருக்கிறார்கள், உள்ளே இருப்பவர் வந்தவர்கள் விலகட்டும் என்று காத்திருக்கிறார். பூஜை நெருங்க நெருங்க அவருக்கு ஒரு மணி நேரம் என்பது காசு.

நான் பார்த்த ஒன்று. தரையோடு தரையாகப் படுத்து ஒருவர் கோணம் தேடிக்கொண்டிருந்தார். எழுந்தபோது முதுகுப்பை இடித்து ஒரு கையின் சுண்டுவிரல் உடைந்து விழுந்தது. மண்ணில் விரல்களைத் தனித்தனியாக உருட்டி ஒட்டுவார்கள், ஒரு இடி தாங்காது. வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சிட்டிகை மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டி, நகத்தால் நகம் கீறி, புது விரலை ஒட்டினார். நம்மாள் என்ன செய்தார் தெரியுமா? அந்த விரல் ஒட்டுவதையும் படம் எடுத்தார். சாயந்திரம் டீக்கடையில் எனக்கே காட்டி, "செம நேச்சுரலா வந்திருக்கு இல்ல சார்?" என்றார்.

சீட்டு வாங்கினால் இதெல்லாம் நின்றுவிடுமா என்று கேட்பார்கள். நிற்காது. ஆனால் இது பொருட்காட்சி அல்ல, வேலை நடக்கும் இடம், இங்கே ஒருவர் அனுமதி கொடுத்துத்தான் நாம் நிற்கிறோம் என்ற எண்ணம் வாசலிலேயே வரும்.

காந்தியைப் படமெடுக்கப் போன மார்கரெட் பர்க்-ஒயிட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகைக்காக வந்தவர். 1946-இல் புனேயில் காந்தி ராட்டையோடு இருப்பதைப் படமெடுக்கக் கேட்டபோது, முதலில் நூற்கக் கற்றுக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார் காந்தியின் செயலாளர். அது காந்தியின் மௌன நாள், பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஃப்ளாஷ் பல்பும் மூன்றே மூன்று. உலகம் சுற்றிய அந்த அம்மையார் உட்கார்ந்து ராட்டை சுற்றிப் பழகினார். இரண்டு பல்பு வீணாகி, மூன்றாவதில் ஒரு படம் தேறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் கலவரம். தெருவில் கிடந்த பிணங்களையும் கூரையில் உட்கார்ந்திருந்த கழுகுகளையும் அவர் எடுத்தார். அங்கே அனுமதி கேட்க ஆள் இல்லை. அந்தப் படங்கள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 1943 வங்காளப் பஞ்சத்தை ஃபோட்டோகிராஃபர் சுனில் ஜானா எடுத்ததையும் அப்படிச் சொல்ல முடியாது. ஊர் சாகும்போது சீட்டு கேட்பது பைத்தியக்காரத்தனம். நான் சொல்வது சாதாரண நாளைப் பற்றி. காந்திக்கு ஒரு செயலாளர் இருந்தார். குமார்டுலிப் பெரியவருக்கு இருப்பது சங்கமும் அதன் சீட்டும்தான்.

நம்மவரிலும் ஒருவர் இருக்கிறார். கோட்டையூர் ஏ.கே. செட்டியார், 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் படக்கலை படித்தவர். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பது என்ற எண்ணம் 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, அட்லாண்டிக் கடலில் கப்பலில் போகும்போது வந்தது. பிறகு ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் சுற்றினார். புதிதாக எடுத்ததோடு, வேறு யார் யாரோ முன்பே எடுத்து வைத்திருந்த ஃபிலிமை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்ததும் பெரிய வேலை. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு இருந்தவர்களைக்கூடத் தேடிப் போனார். 1940-இல் படம் வெளிவந்தது. கையில் கேமரா இருந்தும் கதவைத் தட்டி, காரணம் சொல்லி, ஒருவர் 'சரி' சொல்லும்வரை திண்ணையில் உட்கார்ந்த மனிதர். துணிச்சல் என்றால் எனக்கு மணிரங் கணவாய்க்கு முன்னால் இவர் ஞாபகம்தான் வருகிறது.

காசு கொடுத்துப் படம் எடுத்தால் அது நடிப்பாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இலங்கையில் கொக்கல, வெலிகம கடற்கரைகளில் கடலில் நட்ட கழியில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், படத்திலாவது. இன்றைக்கு அவர்களில் பெரும்பாலோர் மீனுக்காக அல்ல, கேமராவுக்காக உட்காருகிறார்கள், இறங்கி வந்து காசு வாங்குகிறார்கள். மியான்மரில் இன்லே ஏரியிலும் ஒற்றைக்காலில் நின்று கூடை தூக்குபவர் அப்படித்தான். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, வெயிலில் உட்காருவதற்குக் கூலி. அந்தப் படத்துக்குக் கீழே 'பாரம்பரிய மீன்பிடிப்பு' என்று எழுதிப் போட்டிக்கு அனுப்புகிறவர் மேல்தான் கோபம். குமார்டுலி அந்த ரகம் இல்லை. யாரும் வராவிட்டாலும் அங்கே சிலை செய்வார்கள். சீட்டுக் காசும் தனி ஆளுக்குப் போவதில்லை, யாரும் உங்களுக்காகச் சிரிக்கவும் வேண்டாம். படித்துறையில் குழந்தைகள் கையில் பத்து ரூபாயைத் திணித்துத் தண்ணீரில் குதிக்கச் சொல்கிறார்களே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

மல்லிக் காட் பூச்சந்தையில், டிராமில், ஹவுரா பாலத்து நடைபாதைக் கூட்டத்தில் சீட்டெல்லாம் தேவையில்லை. பொது இடம், எடுத்துக்கொள்ளுங்கள். சாமந்தி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வருகிறவர் வழியில் மட்டும் நிற்காதீர்கள், இடித்துத் தள்ளிவிட்டுப் போவார். தப்பு அவர் மேல் இல்லை. ஃபோட்டோகிராஃபர் ரகுபீர் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இளவயதில் தேயிலைக் கம்பெனி வேலை தேடி இந்த ஊருக்கு வந்து, அது கிடைக்காமல் கேமராவைப் பிடித்தவர். வெளிநாட்டில் குடியேறிய பிறகும் திரும்பத் திரும்ப வந்து இந்தத் தெருக்களை வண்ணத்தில் எடுத்தார். கல்கத்தா பற்றிய அவர் புத்தகம் வந்தது 1988-இல். அதில் கூட்டம் நெரியும், ஆனால் யாரும் கேமராவுக்காக நிற்பதாகத் தெரியாது. அதற்கு ஒரு ஊரில் பல காலம் நடக்க வேண்டும். இரண்டு நாள் பாக்கேஜில் அது வராது.

இன்னொன்று, பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். பழைய தொழில் பாசம் என்று நினைத்தாலும் சரி. எடுத்த படத்தை ஃபோனில் காட்டுவதும் கையில் கொடுப்பதும் ஒன்றல்ல. கோவையிலிருந்து வரும் ஒரு டீச்சரம்மா முந்தைய ஆண்டு எடுத்த படங்களைப் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டு, பெயர் எழுதிக் கொண்டுவருவார். முதல் வேலை அதை விநியோகிப்பது. அதற்கே அரை நாள் ஆகும், கேமரா பையை விட்டு வெளியே வராது. அவருக்கு மட்டும் உள்ளே இருந்து முக்காலி வரும். மகாளயத்தன்று துர்க்கைக்குக் கண் எழுதும்போது எல்லோரையும் வெளியே போகச் சொன்ன ஒரு கூடத்தில் அவரை மட்டும் இருக்கச் சொன்னார்கள். அவர் எடுத்த படத்தை நான் பார்த்தேன். பெரியவர் இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறார், தூரிகை முனை இமையில். லேசாகக் கலங்கின படம், போட்டியில் தேறாது. அந்தக் கூடத்துச் சுவரில் லேமினேட் பண்ணி மாட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு ஃபோட்டோ டூர் குழுத் தலைவர் ஃபோன் செய்தார். குமார்டுலி ஒரு மணி நேரம், பூச்சந்தை அரை மணி நேரம், டிராம் அரை மணி நேரம், கண் எழுதுவதை நம்ம ஆட்களுக்கு மட்டும் ஒரு தடவை செய்து காட்டச் சொல்ல முடியுமா, என்ன ரேட் என்றார். என் ரேட்டைச் சொன்னேன். தலைக்கு ஒரு சீட்டு, முதல் நாள் சாயந்திரம் கேமரா இல்லாமல் ஒரு சுற்று, கண் எழுதுவது அவர்கள் எழுதும்போதுதான் என்றும் சொன்னேன்.

"பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.