ஆபரேஷன் விளையாட்டு

ஆபரேஷன் செய்து விளையாடவும் வீடியோ கேம் உண்டு, தெரியுமோ? ஜப்பானின் அட்லஸ் கம்பெனி 2005-ல் 'டிராமா சென்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. நின்டெண்டோ டி.எஸ். என்ற கையடக்கக் கருவியில், சின்னக் குச்சியால் திரையைத் தொட்டுத் தொட்டு வைத்தியம் பார்க்க வேண்டும்.

2006-ல் அதையே 'வீ' என்ற டி.வி. கருவிக்காக 'செகண்ட் ஒப்பீனியன்' என்று புதுப்பித்தார்கள். கையில் பிடித்த ரிமோட்டை அசைத்தால் திரையில் கத்தி நகரும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் இடுக்கி பிடிக்கும். இதயம் நின்றுவிட்டால் இரண்டு கைகளையும் ஒன்றாக முன்னே தள்ள வேண்டும். சுலபம், நடுத்தரம், கடினம் என்று மூன்று படிகளும் வைத்தார்கள். அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றுதான் முத்திரை குத்தினார்கள்.

அவசரப்பட்டால் தோல்விதான். அதனால் கைக்கு நிதானம் வேண்டும், அது நல்லதே. ஆனால் ஒரு விஷயம். கண்ணாடித் துண்டைப் பிடுங்கி, களிம்பு தடவினால் காயம் நொடியில் ஆறிவிடுகிறது அதில்! நிஜத்தில் ஆழமாகக் குத்திய கண்ணாடியைப் பிடுங்கவே கூடாது. அதுவே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும், எடுத்தால் பீறிடும். துண்டின் மேல் அழுத்தாமல், இரு பக்கமும் சுத்தமான துணியைச் சுருட்டி அணைகொடுத்துக் கட்டி, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

பிள்ளைகள் இப்படிப்பட்ட விளையாட்டில் உட்காரும்போது இதையும் சொல்லி வையுங்கள். திரையில் நோயாளி போனால் மறுபடி ஆரம்பிக்கலாம். தம்பி தங்கை காலில் குத்தினால் அப்படி முடியுமா, சொல்லுங்கள்?