குதிரைக்குச் சுமை சரி, கணிக்கிறவருக்கு எதுக்கு?

மைசூர் ரேஸ் கிளப் 1891இல் தொடங்கியது. சாமுண்டி மலை அடிவாரத்தில் இருக்கும் அந்த மைதானத்துப் பந்தயங்களை வைத்து எங்கள் நட்பு வட்டத்துக் குடும்பங்கள் காசில்லாத கணிப்புப் போட்டி நடத்துகிறோம். சிலர் மைசூரில், சிலர் சிங்கப்பூரில், நான் கலிஃபோர்னியாவில். ஜெயிச்சது யாருங்கறதைவிட விதிமுறை சரியாங்கறதுதான் எப்பவும் பெரிய சண்டை! என் கட்சி என்னன்னு சொல்லிடறேன்.

முதல்ல மார்க் போடும் முறை. சரியாகச் சொன்ன ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு மார்க் என்று வைத்தால், எல்லோரும் ஃபேவரிட்டையே எழுதிவிட்டுப் போவார்கள். அது மூன்று பந்தயத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெயித்துவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கு?

சரி, ரூபாய்க்கு எத்தனை ரூபாய் லாபமோ அத்தனை மார்க், தோற்றால் ஒரு மார்க் கழிவு என்று வைப்போம். எட்டுப் பந்தயம். ஒருவர் 2 ரூபாய் லாபம் தரும் நாலு குதிரைகளைச் சரியாகச் சொல்கிறார். எட்டில் நாலு கழிந்து, அவருக்கு 4 மார்க். இன்னொருவர் ஏழில் கோட்டை விட்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன 40 ரூபாய்க் குதிரை வந்துவிடுகிறது. அவருக்கு 33! இது கணிப்பா, லாட்டரியா?

அதனால் உச்சவரம்பு வேண்டும். அமெரிக்காவில் நடக்கும் தேசியக் கணிப்புப் போட்டியில், முதலிடத்துக்கு 20 மடங்குக்கு மேல் எண்ண மாட்டார்கள். அது நாள்கணக்கில், நிறையப் பந்தயங்களோடு நடப்பது. நம்ம ஒருநாள் போட்டிக்கு 20 வைத்தாலும் லாட்டரிக்காரருக்கு 13 வந்துவிடும். வரம்பு 10 என்றால் அவருக்கு 3, நாலு குதிரை சொன்னவருக்கு 4. இதுதான் நியாயம்.

அடுத்தது நேரம். இதில்தான் எனக்கு ஆத்திரம். மைசூரில் மதியம் 2 மணி என்றால் இங்கே கோடைக்கால நேரப்படி நள்ளிரவு 1.30. அங்கே இருப்பவர் குதிரையை நேரில் பார்த்து, மழையில் தரை எப்படி இருக்குன்னு பார்த்து, மற்றவர் மார்க்கையும் பார்த்துக் கடைசி நொடியில் எழுதுகிறார். தரையைப் படிப்பதும் திறமைதானே என்பார்கள். உண்மைதான், எல்லோரும் விழித்திருந்தால்! முதல் பந்தயத்துக்கு முன்பே எல்லோரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குதிரை விலகினால் பயன்பட, ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்றுக் குதிரை ஒன்றையும் முன்பே எழுதிவிடலாம்.

புதுசா வந்தவர்களுக்குச் சலுகை மார்க் தரணும், பழைய கைகளுக்குக் குறைக்கணும் என்கிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். ஹேண்டிகேப் பந்தயத்தில் நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றுவது எல்லாக் குதிரைக்கும் வாய்ப்பு இருக்கணும் என்பதற்காக. நம்ம போட்டியோ, அந்த எடையையும் சேர்த்துப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் யாருன்னு கண்டுபிடிக்க. அவர் முதுகிலும் மூட்டை ஏற்றினால் போட்டியே எதுக்கு? புதியவருக்கு வேண்டியது இன்னும் சில ஆட்டநாள். ஒரு நாளில் முடிக்காமல் ஐந்து நாள் நடத்தி, சிறந்த நாலு நாள் மார்க்கை எடுத்தால் போதும்.

குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதுக்காகக் காசு கட்டி ஆடலாம்னு கிளம்பிடாதீங்க. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025இல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்கிறது. குடும்பங்களுக்கும் அதுதான் நல்லது.

ஜெயிச்சவருக்கு ஒரு பெட்டி மைசூர்பாகு. ஆனால் அந்தப் பெட்டி சரியான ஆளிடம் போகிறதுன்னு தோற்றவங்களும் ஒத்துக்கணும். அடுத்த சீசனுக்கும் எல்லோரும் வரணும்னா, அதுதான் வழி.