துள்ளும் நாயும் எமது இல்லங்களும்

புலம்பெயர்ந்த நாடுகளிற் பிறந்து வளரும் எமது பிள்ளைகள் பெற்றோரிடம் விடுக்கும் வேண்டுகோள்களுள் நாய்க்குட்டியொன்று வேண்டும் என்பது முதன்மையானது. இங்கிலாந்தில் வாழும் எமது குடும்பம் ஈராண்டுகள் செவிசாய்க்காதிருந்து ஈற்றில் இணங்கியது. இங்கிலிஷ் ஸ்பிரிங்கர் ஸ்பானியல் இனக் குட்டியொன்று எம் இல்லம் புகுந்தது. தொங்கும் காதுகளையும் கனிந்த கண்களையும் கண்டு மயங்கினோமேயன்றி, அது எத்தொழிலுக்கென உருவாக்கப்பட்ட விலங்கு என நாம் வினவவில்லை. வினவியிருத்தல் வேண்டும் என்பதையே இங்கு கூற விரும்புகின்றோம்.

புதரிற் பதுங்கிய பறவையை வெருட்டித் துள்ளியெழச் செய்வதாலேயே இதற்கு ஸ்பிரிங்கர் என்று பெயர். முற்காலத்தில் வலைக்கும் வல்லூறுக்கும் எழுப்பிக் கொடுத்தது, பின்னர் துப்பாக்கிக்கு. சுடப்பட்டு வீழ்ந்த பறவையைப் பல் பதியாது கௌவிவந்து கையில் ஒப்படைப்பதும் இதன் கடமையே. ஒரே ஈற்றுக் குட்டிகளுள் பருத்தவற்றை ஸ்பிரிங்கர் என்றும் சிறியவற்றைக் கொக்கர் என்றும் அழைத்த காலமும் உண்டு. 1902ஆம் ஆண்டிலேயே பிரித்தானியக் கெனல் கிளப் ஸ்பிரிங்கரைத் தனியினமாக ஏற்றுக்கொண்டது. நாள் முழுவதும் முட்புதர்களிடையே ஓடியும் களைக்காத நாய்களையே வேட்டைக்காரர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கினர். அத்தகைய விலங்கை நாம் மூன்று அறைகள் கொண்ட வீட்டினுள் அடைத்து, மாலையில் அரைமணி நேரம் வீதியில் நடத்திவிட்டு, நன்றாக வளர்க்கின்றோம் என்று எண்ணினோம்.

இத்தவறுக்கு எமது ஊர் நினைவும் ஒரு காரணம். ஊரில் நாய் வளவில் வாழ்ந்தது. விடிந்ததும் ஒழுங்கையெங்கும் தானே சுற்றித் திரிந்தது. பிற நாய்களுடன் தன் வழக்குகளைத் தானே தீர்த்துக்கொண்டது. நாம் செய்ததெல்லாம் உண்டு மிஞ்சிய சோற்றை வைத்தது மட்டுமே. நாய் வளர்த்தல் என்றால் உணவிடுதல் என்று அன்று பதிந்த எண்ணம், கதவடைத்த வீட்டில் வாழும் இந்நாட்டு நாய்க்குப் பொருந்துவதில்லை.

எட்டு மாதங்களில் எமது நாய் கதிரைக் கால்களை அரித்தது. கறிவேப்பிலைச் சாடியைக் கிண்டியது. வாசலிற் பாதணிகளைக் கழற்றி வைப்பது எம்மவர் வழக்கமன்றோ? விருந்தினரின் சப்பாத்துகளை ஒவ்வொன்றாகக் கௌவிவந்து, பல்லடையாளம் ஏதுமின்றி, அவரவர் மடியில் வைத்தது. அதட்டினோம், அறையிற் பூட்டினோம். ஈற்றில் வேறு இல்லம் தேடிக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் தீர்மானித்தோம். அன்றிரவு மகன் உண்ணாது உறங்கச் சென்றான்.

அக்காலத்தில் பூங்காவிற் கண்ட முதியவர் ஒருவர், வேட்டை நாய்களைப் பழக்கியவர், இது குழப்படியன்று, வேலையின்மை என்றார். பந்தொன்றைப் புல்லில் ஒளித்துத் தேடச் செய்தார். கால் மணி நேரம் மூக்கைத் தாழ்த்தித் தேடிய நாய் வீடு வந்ததும் படுத்துறங்கியது. அன்றுமுதல் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அதற்கென ஒதுக்குகின்றோம். பந்து தேடுதலும் அதனுள் அடங்கும்.

இரண்டு மணி நேரம் என்பதைப் பெற்றோர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மார்கழியில் இங்கு நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். மழையிலும் சேற்றிலும் நாயுடன் நடப்பவர், குட்டி கேட்டு அழுத பிள்ளையல்லர், தாயோ தந்தையோதான். இருவரும் வேலைக்குச் சென்று, வார இறுதியில் தமிழ்ப் பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் குடும்பத்திற்கு இவ்வினம் ஏற்றதன்று என்பதே எமது கருத்து. அதிலும் வேட்டைத் தொழிலுக்கென வளர்க்கப்படும் வழியிற் பிறந்த குட்டி, காட்சிக்கு வளர்க்கப்படும் வழியினதைக் காட்டிலும் வேகம் மிக்கது. பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வாழக்கூடியது. பிள்ளை பல்கலைக்கழகம் சென்ற பின்னரும் வீட்டிலிருக்கும்.

எமது சமையலறையும் அதற்கு ஆபத்தானதே. வெங்காயம் ஆகாது. உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தையே பழுதாக்கவல்லது. தைப்பொங்கலன்று நிலத்திற் சிந்திய பொங்கலை அது நக்கியதும் மிருக வைத்தியரிடம் ஓடிய அனுபவம் எமக்குண்டு.

இத்தனைக்கும் பின்னர் அதனைக் கொடுத்துவிட எமக்கு மனமில்லை. அம்மம்மா, நாயை வீட்டினுள் விடலாகாது என்று வாதிட்டவர், இன்று உணவுத் தட்டை ஏந்தி "இரு" என்கிறார், அமர்கிறது. ஆங்கிலத்தில் அழைத்தால் அது சிலவேளை திரும்பிப் பார்ப்பதில்லை. விருந்தினர் வரும் நாள்களிலோ சப்பாத்துகளை இன்றும் அலுமாரியில் வைத்துப் பூட்டுகின்றோம்.